ஆமைப்பாட்டின் பெயர்

யுரானிஸ் அப்பாவின் இடது கன்னத்தை மழித்து முடித்து, வலது கன்னத்தில் நுரை தடவிக்கொண்டிருந்தாள். எவாரிஸ்தோ கண்ணைத் திறக்காமலே பேசினார்.

"அந்த ஆமைப்பாட்டு இருக்கில்ல, அதோட பேரு எனக்குத் தெரியாதும்மா."

கத்தி அந்தரத்தில் நின்றது.

"எந்தப் பேருப்பா?"

"பாட்டோட பேரு. பாடுன கும்பலோட பேரு. எந்த ஊரு, என்ன பாஷை, ஒண்ணும் தெரியாது."

"முப்பது வருஷமா சொல்ல மாட்டேன், சொல்ல மாட்டேன்னீங்களே."

"அதுல என்ன பொய்? சொல்லவே இல்லையே."

அவர் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார்.

"நாளைக்கு வாசல்ல நின்னு கேப்பாங்க. ஏதாவது ஒரு பேரைச் சொல்லிடு. கம்பீரமா இருக்கட்டும்."

பிறகு, சவரக் கடையில் செய்வதுபோல, கத்திக்கு வாகாகத் தாடையைத் தூக்கிக் கொடுத்தார். அப்படியே போய்விட்டார். யுரானிஸ் வலது கன்னத்தையும் மழித்து, ஈரத்துணியால் துடைத்துவிட்டுத்தான் அழுதாள். முகத்தில் பாதி நுரையோடு இருக்கிற மனிதரைப் பார்த்து அழ அவளால் முடியவில்லை.

எவாரிஸ்தோ எங்கள் ரெபோலோ பேட்டையின் பிக்கோக்காரர். பிக்கோ என்றால் அலமாரி அளவு ஒலிபெருக்கிப் பெட்டி, முகப்பில் கண்ணைப் பறிக்கும் ஓவியம், தெருவில் வைத்து அலறவிட்டால் பேட்டையே ஆடும். அவருடைய பெட்டியின் பெயர் வேங்கை. அதை முதன்முதலாக முடுக்கிய அன்று எதிர்வீட்டு எர்மெலிண்டாவின் பொய்ப்பல் டம்ளரிலிருந்து எழும்பி மேசையின் மறுகோடி வரை நடந்ததாம். நான் பார்க்கவில்லை. பார்த்தவர்களோடு டோமினோ ஆடியிருக்கிறேன்.

இந்தத் தொழிலில் சத்தம் பாதிதான். மற்றவனிடம் இல்லாத பாட்டு உன்னிடம் இருக்க வேண்டும். அதனால் கப்பலில் வந்த இசைத்தட்டு கைக்குக் கிடைத்ததும் பிக்கோக்காரன் முதலில் செய்வது, நடுவில் ஒட்டியிருக்கும் காகிதத்தைச் சுரண்டி எடுப்பது. பெயர் தெரிந்தால் அடுத்த பேட்டைக்காரன் வாங்கிவிடுவானே. பெயர் தெரியாத பாட்டுக்குப் பேட்டையே ஒரு பெயர் வைத்துக்கொள்ளும்.

ஆமைப்பாட்டு ஏதோ ஓர் எலக்ட்ரானிக் ராக் கும்பல் வெளியிட்ட ஒற்றைப் பாட்டுத் தட்டு. ஒரு மாலுமி உறைகூட இல்லாமல் கொண்டுவந்து கொடுத்தான். துறைமுகத்திலிருந்து டாக்சியில் வரும்போதே எவாரிஸ்தோ கத்தியை எடுத்தார். வாசித்து மனதில் வைத்துக்கொண்டு சுரண்டுவதுதான் முறை. ஆனால் டாக்சிக்காரன் பக்கத்துப் பேட்டைப் பிக்கோக்காரர் லிபார்தோவின் மச்சான். கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டே ஓட்டினான். எவாரிஸ்தோ பதற்றத்தில் காகிதத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, தானும் பாராமல், தடவித் தடவியே சுரண்டித் தீர்த்தார். வீட்டுக்கு வந்து பார்த்தால், எந்த வேகத்தில் சுற்ற வேண்டும் என்று எழுதியிருந்ததும் போயிருந்தது. நிமிடத்துக்கு முப்பத்துமூன்று சுற்று வேகத்தில் போட்டார். குழியில் விழுந்த யானை எழுந்து வருவதுபோல் ஒரு தாளம் வந்தது. அந்த மெதுவான நடைக்காகத்தான் பேட்டை அதை ஆமைப்பாட்டு என்றது. அந்த வருடத் திருவிழாவில் ஊர் முழுக்க அதற்குத்தான் ஆடியது. அன்றைக்கு ஆடியவர்களில் பாதிப் பேர் அதே வருடம் கல்யாணம் செய்துகொண்டார்கள். மறுபாதிக்கு ஏற்கனவே ஆகியிருந்தது, அதனால் தகராறு.

கேட்டவர்களுக்கெல்லாம் எவாரிஸ்தோ ஒரே பதில் வைத்திருந்தார். "சொல்லக் கூடாதுன்னு பாடுனவங்களே என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காங்க."

எங்கள் வழக்கம் ஒன்று உண்டு. பிக்கோக்காரன் செத்தால், சவப்பெட்டி வாசலைத் தாண்டுமுன் பெற்ற பிள்ளைகளில் ஒருவர் அவன் ஒளித்துவைத்த பாட்டுகளின் பெயரை ஊருக்குச் சொல்ல வேண்டும். அதன்பின் அவை பொதுச்சொத்து. எவாரிஸ்தோவுக்கு இருப்பது ஒரே மகள்.

மறுநாள் காலையிலிருந்தே தெரு நிறைந்துவிட்டது. டோமினோ மேசைகள் வந்தன. முட்டை வைத்த அரேப்பா சோள ரொட்டியும் கறுப்புக் காப்பியும் வந்தன. வில்ஃப்ரீதோ சித்தப்பா வேங்கையை வெளியே இழுத்துவைத்து, மைக்கைத் தட்டித் தட்டிச் சோதித்துக்கொண்டிருந்தார்.

"யுரா, பேரைத் தெளிவாச் சொல்லணும். ரெண்டு தடவை சொல்லு. வாயை மென்னு முழுங்காத."

"சரி சித்தப்பா."

"எனக்கு மட்டும் இப்பவே சொல்லேன்."

"சொல்ல மாட்டேன்."

"அப்படியே அப்பன்," என்று அவர் பக்கத்தில் இருந்தவரிடம் பெருமையாகச் சொன்னார்.

அவள் காப்பி போடுகிற சாக்கில் அடுக்களைக்குள் போய் நின்றுகொண்டாள். மருந்துக்கடையில் வேலை. ஒரு மாத்திரையைக்கூட வேறு பெயர் சொல்லிக் கொடுத்ததில்லை. புதிதாக ஒரு பெயரை இட்டுக்கட்டிச் சொன்னால் போதும், வெளியே இருக்கிற அத்தனை பேர் சட்டைப்பையிலும் கைப்பேசி இருக்கிறது. வேங்கை அலறி முடிப்பதற்குள் தேடிப் பார்த்துவிடுவார்கள். உண்மையைச் சொன்னாலோ, தன் தட்டைத் தானே வாசிக்காமல் சுரண்டிய மனிதர் என்று அடுத்த திருவிழாவில் எவனுக்காவது அப்பாவைப்போல வேடம் போட்டு, கையில் கத்தி கொடுத்து, வண்டியில் ஏற்றி ஊர்வலம் விடுவார்கள். எங்கள் ஊர் அப்படித்தான். பிஷப்புக்கே விட்டிருக்கிறது.

"காப்பி பொங்குது பொண்ணே."

லிபார்தோ நின்றிருந்தார். பக்கத்துப் பேட்டையின் செங்கழுகு பிக்கோ அவருடையது. அப்பாவுக்குப் பரம எதிரி. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, அக்குளில் காகிதம் சுற்றிய சதுரப் பொட்டலம்.

"முன்னாடி உக்காருங்க. கொண்டுவரேன்."

"முன்னாடி எல்லாரும் என் மூஞ்சியையே பாக்குறாங்க. நான்தான் கொன்னேன்ங்கற மாதிரி." அவர் தானே அடுப்பை அணைத்தார். "உங்கப்பன் சொன்னானா?"

"என்னத்த?"

"பேரைத்தான்."

அவள் கோப்பைகளை நேராக்கினாள். நேராகத்தான் இருந்தன.

"சொல்லிருக்க மாட்டான்," என்றார் லிபார்தோ. "தெரிஞ்சாத்தானே சொல்ல."

அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் பொட்டலத்தைச் சர்க்கரை டப்பா பக்கத்தில் வைத்தார்.

"இதே தட்டு. குராசாவ் தீவுல ஒரு கிழவிகிட்ட வாங்கினேன். காகிதம் கிழியல, எழுத்தெல்லாம் சுத்தமா இருக்கு. நாப்பத்தஞ்சுன்னு கொட்டையா போட்டிருக்கு. திருவிழாவுல ஜம்பமா அந்த வேகத்துல போட்டேன். எலிக்குப் பேதி புடிச்ச மாதிரி ஓடுது. ஒருத்தனும் ஆடல. யாருக்கும் அடையாளமே தெரியல. எவனோ மாங்கொட்டையால அடிச்சான்."

"பேட்டைக்காரங்க இன்னும் சொல்லிச் சிரிப்பாங்க அதை."

"சிரிக்கட்டும். வீட்டுக்கு வந்து மெதுவா சுத்தவிட்டேன். அப்பத்தான் ஆமை வெளிய வந்துச்சு. சந்தேகம். ஒரு நாள் டோமினோ ஆடும்போது சும்மா கேட்டேன். ஏன்டா, அவங்க ஊர்ல இதை என்ன வேகத்துலடா போடுறாங்கன்னு. இங்க போடுற மாதிரிதான்னான். நிமிர்ந்துகூடப் பாக்கல. அன்னிக்குப் புரிஞ்சுது, பய அந்தக் காகிதத்தை வாசிக்கவே இல்ல."

"அப்புறம் ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

லிபார்தோ ஒரு கோப்பையை எடுத்து, குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டார்.

"சொன்னா, அப்புறம் நான் யாரோட சண்டை போடுறது?"

வெளியே சித்தப்பா மைக்கில் ஒன்று, இரண்டு, மூன்று சொன்னார். 

"பிரிச்சுப் படிச்சுக்க," என்றார் லிபார்தோ. "அதைச் சொல்லு. உண்மையான பேரு."

அவள் பொட்டலத்தின் மேல் கை வைத்தாள். படித்துச் சொன்னால் எவனாவது உடனே தேடிப் போட்டுக் கேட்பான். எலி ஓடும். அப்பா முப்பது வருடம் தப்பு வேகத்தில் ஊரை ஆட்டியது தெரிந்துபோகும். யாரோ மெனக்கெட்டு வேகமாகச் செய்து அனுப்பிய பாட்டு. அவர்களுக்கு ரெபோலோ என்று ஓர் இடம் இருப்பதே தெரிந்திருக்காது.

பொட்டலத்தை அவர் பக்கமாகத் தள்ளினாள்.

"வேணாம் மாமா."

எதிரியை அவள் மாமா என்று கூப்பிட்டது அதுவே முதல் தடவை. அவர் அதைக் கவனிக்காததுபோல் காப்பியைக் குடித்தார். சூடு தாங்காமல் கண் கலங்கியதாகச் சொல்லிக்கொண்டார்.

வெயில் உச்சிக்கு ஏறியபோது சவப்பெட்டியைத் தூக்கினார்கள். வாசலில் நிறுத்தினார்கள். டோமினோக் காய்களின் சத்தம் அடங்கியது. சித்தப்பா மைக்கை அவள் கையில் திணித்தார். கைப்பேசிகள் உயர்ந்தன. எர்மெலிண்டா பல்லை எடுத்து மாட்டிக்கொண்டாள், யாராவது அந்தப் பெயரைத் திரும்பக் கேட்டால் சரியாகச் சொல்ல வேண்டுமே என்று.

யுரானிஸ் தெருவைப் பார்த்தாள். ஒரு கம்பீரமான பெயர் நாக்கின் நுனிவரை வந்தது. வந்த வழியே திரும்பிப் போய்விட்டது.

"அப்பாவுக்கு அந்தப் பேரு தெரியாது," என்றாள். வேங்கை அதை நான்கு தெருவுக்கு எடுத்துப் போனது. "அவர் அதை வாசிக்கவே இல்ல. நேத்து என்கிட்ட சொன்னாரு. அவ்வளவுதான்."

கூரைமேல் நின்றிருந்த ஒருவன் கைப்பேசியைத் தாழ்த்தினான். சித்தப்பாவின் முகம் வெளுத்தது.

அப்போது கூட்டத்தின் பின்னாலிருந்து லிபார்தோ கையைத் தட்டினார். மெதுவாக, ஒன்றொன்றாக.

"பாத்தீங்களா," என்றார். "செத்தும் பேரை வெளிய விடல. மகளையும் பழக்கிட்டுப் போயிருக்கான் கள்ளப்பய."

முதலில் கூரைமேல் இருந்தவன் சிரித்தான். பிறகு சித்தப்பா. பிறகு தெருவே சிரித்தது, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "வாசிக்கவே இல்லையாம்," என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். "எவாரிஸ்தோவா? வாசிக்காமலா?" என்று ஒரு கிழவர் பக்கத்தில் இருந்தவரின் முதுகில் அடித்தார். யுரானிஸ் மறுக்க வாயெடுத்தாள். லிபார்தோ அவளைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டாள்.

சித்தப்பா தட்டைப் போட்டார். முப்பத்துமூன்றில்.

சவப்பெட்டியின் முன்பக்கத்தில் தூக்க ஓர் ஆள் குறைந்தது. லிபார்தோ காகிதப் பொட்டலத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வந்து தோள் கொடுத்தார். அந்தத் தாளத்துக்கு வேறு எப்படியும் நடக்க முடியாது. ஓர் எட்டு, ஓர் அசைவு, அடுத்த எட்டு. தெரு முழுவதும் அப்படியே நகர்ந்தது.

முக்கில், துறைமுகத்துக்குப் போகிற பேருந்து ஒன்று வழியில்லாமல் நின்றது. பயணிகள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். ஓட்டுநர் ஹாரனில் கை வைத்தார். பிறகு கையை எடுத்தார். எஞ்சினை அணைத்துவிட்டு, ஜன்னலுக்கு வெளியே கையைத் தொங்கவிட்டு, கதவுத் தகரத்தில் விரல்களால் மெல்லத் தட்டத் தொடங்கினார்.