மூன்று சுற்றுக் கம்பி

தம்பியின் தலையில் தொப்பி இல்லை. அது கீழே மணல் குவியலில் கிடந்தது.

அவள் ஒரு தரம்தான் விசையை அழுத்த நினைத்தாள். இரண்டு ஆணி போயிருந்தது. முதல் ஆணி இரும்புத் தாங்கியின் துளைக்குள் ஒழுங்காக இறங்கி உத்தரத்தைப் பிடித்துக்கொண்டது. ஆணித் துப்பாக்கி எகிறியது. எகிறிய வேகத்தில் விரல் தானாக இன்னொரு தரம் இறுகியது. இரண்டாவது ஆணி துளைக்குப் பக்கத்தில் வெறும் இரும்பில் பட்டுத் தெறித்தது. எதிர் ஏணியில் தாங்கியைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றவன் அவளுடைய தம்பி.

"டேய், பட்டுச்சா?"

அவன் தலையைத் தடவினான். உள்ளங்கையைப் பார்த்தான். "இல்லக்கா."

இப்படி நடக்க வழியே இல்லை. இந்த வகைத் துப்பாக்கியில் ஆணியின் முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். முனையைத் துளையில் வைத்து, துப்பாக்கியின் மூக்கை இரும்போடு சேர்த்து அமுக்கினால்தான் விசைக்கு உயிர் வரும். மூக்கு விலகிவிட்டால் விசையை எத்தனை முறை இழுத்தாலும் அது ஊமை.

அவள் முதலில் காற்றுக் குழாயைக் கழற்றினாள். உஸ்ஸென்று மூச்சு விட்டு அடங்கியது. பிறகு துப்பாக்கியைப் புரட்டிப் பார்த்தாள். மூக்கைப் பின்னுக்கு இழுத்துக் கட்டுக்கம்பியால் கட்டியிருந்தது. மூன்று சுற்று. சட்டையைக் கிழிக்காதபடி நுனி உள்ளே மடக்கப்பட்டிருந்தது. அந்த மடிப்பு யாருடையது என்று அவளுக்குத் தெரியும்.

தினமும் மூக்கை அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் தொடங்குவாள். இன்று அவள் உத்தரத்தின் மேல் ஏறி உட்கார்ந்த பிறகு, குழாயும் மாட்டி, "பிடி, இன்னைக்கு இது பறக்கும்" என்று மேலே நீட்டியவர் சித்தப்பா. இந்த வீட்டுக் கூரை வேலையை எடுத்திருப்பவர்.

"சித்தப்பா! இதைக் கட்டினது யாரு?"

"நான்தான்." அவர் பலகை அடுக்கிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நீ ஒவ்வொரு ஓட்டையா தடவிக்கிட்டு உக்காந்திருக்கே. சாயங்காலம் மழை வந்தா நீயா குடை பிடிப்பே?"

"ஆணி தெறிச்சுப் போச்சு. தம்பி தலையில…"

"தலையிலயா பட்டுச்சு? தொப்பியிலதானே. வேற தொப்பி வாங்கித் தரேன், போ."

கம்ப்ரஸர் பக்கத்தில் நின்ற ஒட்டடைக்குச்சி சிரித்தான். கூட வேலை பார்ப்பவன்; அவ்வளவு உயரம், அவ்வளவு ஒல்லி என்பதால் அந்தப் பட்டப்பெயர். அவள் திரும்பிப் பார்த்ததும் சிரிப்பை அப்படியே விழுங்கினான்.

"விடுக்கா. ஒண்ணும் ஆகலையே" என்றான் தம்பி.

அதுதான் அவளுக்கு உச்சந்தலை வரை ஏறியது. "ஆயிருந்தா இதைச் சொல்ல உனக்கு வாய் இருந்திருக்குமாடா? இறங்கு கீழே."

முன்பெல்லாம் சுத்தியலால் இரண்டு ஆணி அடித்துத் தாங்கியை அசையாமல் பொருத்துவார்கள். கையை எடுத்த பிறகுதான் துப்பாக்கி. அந்த வழக்கத்தையும் இந்த வாரம் சித்தப்பாதான் நிறுத்தினார். கை எதுக்கு இருக்கு, பிடிக்கத்தானே என்றார்.

"நீங்க ஏறுங்க, சித்தப்பா."

"என்னடி?"

"ஏறி அடுத்த தாங்கியைப் பிடிங்க. நான் அடிக்கிறேன். வேகம் வேணும்னீங்கல்ல? வேகமாவே அடிக்கிறேன்."

கீழே ரம்பச் சத்தம் நின்றது. எல்லாரும் பார்த்தார்கள். எல்லாரும் பார்ப்பதைச் சித்தப்பாவும் பார்த்தார்.

"பூச்சாண்டி காட்டுறியா? நீ தவழ்ந்துக்கிட்டு இருந்தப்பவே உத்தரம் ஏத்தினவன் நான்." விறுவிறுவென்று ஏறி வந்தார். தாங்கியை உத்தரத்தோடு சேர்த்துப் பிடித்தார். "அடி!"

அவள் ஆணி முனையைத் துளையில் வைத்தாள். அவருடைய கட்டைவிரல் பக்கத்திலேயே இருந்தது. நகத்தில் ஒரு பழைய கறுப்புத் தழும்பு. அவளுடைய விரல் விசையின் மேல் படவில்லை. படவேண்டும் என்று அதற்கு ஆசையாக இருந்தது.

கட்டைவிரல் கொஞ்சம் நகர்ந்தது. இன்னும் கொஞ்சம்.

"மெதுவாடி."

"மெதுவாவா? யாரு சொல்றது?"

அவர் கண் ஆணி முனையை விட்டு அசையவில்லை. சட்டென்று கையை எடுத்துக்கொண்டார். தாங்கி கீழே விழுந்து செங்கல்லில் கணீரென்று மோதியது.

"குழாயைப் பாருங்க" என்றாள்.

குழாய் உத்தரத்தின் மறுபக்கம் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. அவள் கழற்றியது கழற்றியபடியே. காலமெல்லாம் தச்சு வேலை பார்த்த மனுஷன் கண்ணில் அது படவில்லை.

"எல்லார் முன்னாடியும் என்னை அசிங்கப்படுத்திட்டே."

"எல்லார் முன்னாடியும் என் தம்பியை என் கையாலேயே கொல்ல வெச்சிருப்பீங்க."

அவள் துப்பாக்கியையும் குறடையும் நீட்டினாள். "நீங்க கட்டினது. நீங்களே அவிழுங்க."

அவருடைய மடிப்பு அவருக்கே சிக்கவில்லை. குறடு இரண்டு தரம் வழுக்கியது. கடைசியில் கம்பி அறுந்து, மூக்கு டக்கென்று முன்னால் வந்தது. அவர் இறங்கிப் போனார். அவளுக்குக் கோபம் இம்மிகூடக் குறையவில்லை. அவர் மன்னிப்புக் கேட்டிருந்தாலும் குறைந்திருக்காது.

தம்பி தொப்பி ஓட்டைக்குள் விரலை விட்டு ஒட்டடைக்குச்சிக்கு ஆட்டிக் காட்டிக்கொண்டிருந்தான்.

"வேடிக்கையா இருக்கா உனக்கு? கீழே விழுந்த தாங்கியையும் சுத்தியலையும் எடுத்துக்கிட்டு மேலே வாடா."

அவன் வந்தான். தாங்கியை வைத்தான். இரண்டு ஆணியையும் சுத்தியலால் அடித்தான். மழையின் முதல் சொட்டு இரும்பில் விழுந்தது. கீழேயிருந்து யாரும் அவசரப்படுத்தவில்லை.

"கையைக் காட்டு."

ஒரு கையைக் காட்டினான்.

"ரெண்டையும்."

ஏணியில் முழங்காலைக் கொடுத்துக்கொண்டு இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். அதற்குப் பிறகுதான் அவள் குழாயை மாட்டினாள்.