சீட்டுப் போடாதே

மஸ்ரூக் மச்சானுக்குக் கடல் என்றால் பயம். எங்கள் கூடாரத்தில் இது மூன்று பேருக்குத்தான் தெரியும்: அவருக்கு, என் அக்கா லுபாபாவுக்கு, எனக்கு. ஃபுராத் நதியைப் படை கடந்தபோது அவருடைய அண்ணன் அவர் கையைப் பிடித்தபடியே தண்ணீரில் போய்விட்டார். அதன் பிறகு முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறினால் மச்சானுக்கு வியர்த்துவிடும். ஸூர் துறைமுகத்துக்கு வந்ததிலிருந்து அவர் கடலுக்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்தார். மலைப்பக்கத்திலிருந்து வரும் ஒட்டகங்களைப் பார்க்கிறார் என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

முஸ்லிம்களின் முதல் கப்பற்படை ஒரு தீவை நோக்கிக் கிளம்ப இருந்தது. முந்தைய கலீஃபா உமர் கடலே வேண்டாம் என்று மறுத்திருந்தார். இப்போது கலீஃபா உஸ்மான் சம்மதித்துவிட்டார். ஆனால் சும்மா சம்மதிக்கவில்லை. ஷாம் நாட்டின் ஆளுநர் தன் மனைவியையும் கப்பலில் ஏற்றிக்கொண்டுதான் போகவேண்டும் என்றார். அடுத்த நிபந்தனை எனக்கு மனப்பாடம். படைக்கு ஆள் பதிய திமஷ்க் நகரிலிருந்து வந்த எழுத்தர் உமாரா, மக்ரிப் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலில் எழுதக் கற்றுக்கொடுத்தார். எங்கள் கூட்டத்திலிருந்து போனவன் நான் ஒருவன்தான். ஒரு மாலை அந்த உத்தரவையே பாடமாக எழுத வைத்தார்.

யாரையும் பொறுக்கி எடுக்காதே. சீட்டுப் போடாதே. விரும்பி வருகிறவனை மட்டும் ஏற்றிக்கொள், அவனுக்கு உதவி செய்.

பலகை நிறைய எழுதினேன். எழுதியதை முதலிலிருந்தும் பார்த்தேன், கடைசியிலிருந்தும் பார்த்தேன். சரியாக இருந்தாலும் எனக்குச் சரியென்று தோன்றாது.

மறுநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு குதாமா சித்தப்பா எல்லோரையும் கூப்பிட்டார். எங்கள் கூட்டத்துக்கு அவர்தான் தலைவர்.

"பக்கத்துக் கூடாரத்துல பத்துப் பேரு கிளம்பிட்டானுங்க. நம்ம பக்கம் எத்தனை?"

"நாலு," என்றார் யாரோ.

"நாலு! ஆளுநர் பொண்டாட்டியே கப்பல்ல ஏறப் போறா. இங்க தாடி வச்சவன் எல்லாம் மணல்ல உக்காந்திருக்கான். நாமளும் பத்துப் பேரு ஆகணும். நுபைல், நீதான் எழுதக் கத்துக்கிட்டியே. அந்த உடைஞ்ச ஜாடிச் சில்ல எடு. பேர் குடுக்காதவன் எல்லார் பேரையும் ஆளுக்கு ஒண்ணா எழுது."

நான் சில்லைக் கையில் எடுத்தேன். "சித்தப்பா, சீட்டுப் போடக் கூடாதுன்னு கலீஃபா சொல்லியிருக்காரு."

"அது ஆளுநருக்குச் சொன்னது. எனக்கா சொன்னாரு? வீட்டுக்குள்ள நாலு பேர் கூடிப் பேசி முடிவு பண்றோம். இதுக்குப் பேரு சீட்டா?"

"சீட்டுதான் சித்தப்பா."

எல்லோரும் சிரித்தார்கள். "ஆறு மாசம் பலகையத் தேச்சான், எனக்கே தீர்ப்புச் சொல்றான் பாரு. எழுதுடா!"

எழுதினேன். கரித்துண்டு கையில் நழுவியது. என் பெயரையும் எழுதினேன், மச்சானின் பெயரையும் எழுதினேன். சித்தப்பா சில்லுகளைத் தன் தலைத்துணியில் கொட்டிக் குலுக்கினார். ஒவ்வொன்றாக எடுத்து என்னிடம் நீட்டினார், ஏனென்றால் அவருக்குப் படிக்கத் தெரியாது. அங்கே இருந்த யாருக்கும் தெரியாது.

ஐந்து பெயர்களைப் படித்துவிட்டேன். ஆறாவது சில்லை இரண்டு முறை படித்தேன். மஸ்ரூக்.

"என்னடா, உன் கையெழுத்து உனக்கே புரியலியா?" என்று சித்தப்பா கேட்டார்.

நான் வேறு எந்தப் பெயரைச் சொன்னாலும் அவர்கள் நம்பியிருப்பார்கள். யார் பெயரைச் சொல்வது என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். ஒருவருக்கு மூன்று பெண் குழந்தைகள். ஒருவருக்குக் கண் மங்கல். மச்சான் ஒட்டகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மஸ்ரூக்," என்றேன்.

மச்சான் திரும்பவில்லை. "சரி," என்று மட்டும் சொன்னார்.

கூடாரத்துக்குப் பின்னால் அக்கா மாவு பிசைந்த கையோடு என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"உன்னைத் தவிர அங்க யாருக்குடா படிக்கத் தெரியும்? வேற பேரச் சொன்னா என்ன?"

"வேற பேர்னா யார் பேருக்கா?"

"யார் பேராவது!" அவள் குரல் உடைந்தது. "உன் பேரச் சொல்லியிருக்கலாமே."

எனக்கு அது தோன்றவே இல்லை. எல்லா முகத்தையும் பார்த்தவன் என் முகத்தை மட்டும் கணக்கில் சேர்க்கவில்லை.

"உமாராகிட்ட சொல்லு," என்றாள். "சீட்டுப் போட்டாங்கன்னு சொல்லு. அந்த மனுஷன் கப்பல்ல ஏறினா, கப்பல் முழுகறதுக்கு முன்னாடி அவர் உயிர் போயிடும்."

மச்சான் எப்போது வந்து நின்றார் என்று தெரியவில்லை. "ஒருத்தனும் ஒண்ணும் சொல்ல வேண்டாம். நுபைல், நாளைக்கு நீ வாயத் திறந்தேன்னா உங்க அக்காவ நீயே உன்கூட வச்சுக்க, எனக்கு வேண்டாம். பயந்தாங்கொள்ளியோட பொண்டாட்டின்னு அவ பேர் வாங்க வேண்டாம்."

அவர் விளையாட்டுக்குச் சொல்கிற ஆள் இல்லை.

காலையில் துறைமுகத்தில் பாய் விரித்து உமாரா உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் கப்பலிலிருந்து கரைக்கு ஒரு பலகை போட்டிருந்தது. மிஸ்ர் நாட்டிலிருந்து வந்த கிறிஸ்தவ மாலுமி ஷனூதா அதன் மேல் நின்றுகொண்டு, ஏறத் தயங்கியவர்களைச் சீண்டிக்கொண்டிருந்தான். "வாங்கய்யா, வாங்க! உங்க ஒட்டகம் மாதிரிதான் ஆடும். ஆனா இது கடிக்காது, எச்சில் துப்பாது!"

எங்கள் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். உமாரா ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டார்.

"யாராவது உன்னைப் பொறுக்கி அனுப்பினாங்களா? சீட்டு விழுந்துச்சா? நீயா விரும்பி வர்றியா? அல்லாஹ்வை முன்ன வச்சுச் சொல்லு."

தாமாகப் பெயர் கொடுத்திருந்த நால்வரும் தயங்காமல் சொன்னார்கள். அடுத்து சீட்டு விழுந்தவர்கள். முதல் ஆள், "நானா வர்றேன்," என்றார். தரையைப் பார்த்துச் சொன்னார். உமாரா எழுதிக்கொண்டார். இரண்டாவது ஆளும் அப்படியே. சித்தப்பா பக்கத்தில் நின்று, ஒவ்வொரு பதிலுக்கும் தலையாட்டினார். இவர்கள் பொய் சொல்வது எனக்குத் தெரியும், என் எழுத்தினால்தான் சொல்கிறார்கள் என்பதும் தெரியும். பேசினால் அக்காவின் வாழ்க்கை போகும். பேசாவிட்டால் அவள் கணவர் போவார். இரண்டையும் மாற்றி மாற்றி எடைபோட்டுப் பார்த்தேன். தராசு ஒரு பக்கமும் நிற்கவில்லை.

மச்சானின் முறை வந்தது. உமாராவின் முன்னால் நிற்க வேண்டுமானால் கடலுக்கு முகம் காட்டித்தான் நிற்க வேண்டும். அவர் கழுத்தில் வியர்வை இறங்கியது. உதடு வெளுத்திருந்தது.

"நீயா விரும்பி வர்றியா?"

மச்சான் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. இன்னொரு முறை திறந்தார். "நானா..."

"சீட்டுப் போட்டோம்," என்றேன்.

என் குரல் எனக்கே யாரோ பேசியதுபோல் கேட்டது.

"பொய்!" என்று கத்தினார் சித்தப்பா. "சின்னப் பய உளர்றான். இவன் புத்தி கொஞ்சம் அப்படித்தான்."

உமாரா எழுதுகோலைக் கீழே வைத்தார். "பேர யார் எழுதினது?"

"நான்தான்."

"முந்தாநேத்து உன்னை என்ன எழுத வச்சேன்?"

"சீட்டுப் போடாதேன்னு."

"அதை எழுதின கைதானா இது?"

அவர் அதற்கு மேல் என்னைக் கேட்கவில்லை. ஈரத்துணியை எடுத்து எங்கள் கூடாரத்தின் பெயர்கள் எல்லாவற்றையும் துடைத்தார். மனமாரச் சொன்ன நால்வரின் பெயர்களும் போயின. சித்தப்பாவின் முகம் கறுத்தது. பக்கத்துக் கூடாரத்துக்காரர்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"முதல்லேருந்து கேக்கறேன்," என்றார் உமாரா. "வரலைன்னு சொல்றவனை யாராவது ஒரு வார்த்தை பேசினா, பேசினவன் பேரைத் தனியா எழுதுவேன். நீதானே நிக்கிற? உன்கிட்டயே ஆரம்பிக்கிறேன். வர்றியா?"

மச்சான் என்னைப் பார்த்தார். அவ்வளவு வெறுப்போடு யாரும் என்னைப் பார்த்ததில்லை. நான் பேசியதால் எதுவும் முடிந்துவிடவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. அவர் இன்னும் ஆமாம் என்று சொல்லலாம். வீம்புக்காகவே சொல்லலாம். சொன்னால் அது அவருடைய விருப்பமாகவே எழுதப்படும். அதன் பிறகு யாராலும் எதுவும் செய்ய முடியாது.

அலை வந்து பலகையில் மோதியது. அவர் உடம்பு ஒருமுறை குலுங்கியது.

"வரல," என்றார்.

"சரி. அடுத்த ஆள்."

மச்சான் நகரவில்லை. "ஏன்னு கேக்கலியே?"

"கேக்கச் சொல்லி எனக்கு உத்தரவு இல்ல."

"நான் சொல்றேன். எனக்குப் பயம். எங்கண்ணன் கை இந்தக் கையில இருந்துச்சு. தண்ணி பிடுங்கிடுச்சு." கையை விரித்துக் காட்டினார். "போதுமா எல்லாருக்கும்?"

சிரிப்பு நின்றிருந்தது. ஷனூதா பலகையிலிருந்து இறங்கி, அதன் மேல் கிடந்த கயிற்றைக் காரணமில்லாமல் சுருட்ட ஆரம்பித்தான்.

சீட்டு விழுந்தவர்களில் இன்னும் மூன்று பேர் வரவில்லை என்றார்கள். இரண்டு பேர் வருகிறோம் என்றார்கள், இந்த முறை தரையைப் பார்க்காமல். பழைய நால்வரும் மறுபடி சொன்னார்கள். சித்தப்பா வரிசையின் முடிவில் வந்து நின்றார்.

"நானும் வர்றேன்."

"யாராவது கட்டாயப்படுத்தினாங்களா?"

"ஆமா. என் வெக்கம்."

"அதை என்னால விசாரிக்க முடியாது," என்று உமாரா எழுதிக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ?"

"தெரியல."

"தெரியலைன்னா ஏறாதே. பொழுது சாயற வரைக்கும் பாய் இங்கதான் இருக்கும்."

மதியம் முழுவதும் கரையில் நடந்தேன். அக்கா சொன்னதற்காகப் போகிறேனா? அப்படியானால் அதுவும் ஒரு சீட்டுதான். மச்சானுக்குப் பதிலாகப் போகிறேனா? அவர் வரவில்லை என்று சொன்ன பிறகு அவருடைய இடம் என்று ஒன்று அங்கே இல்லை. ஒவ்வொரு காரணமாக எடுத்துத் தள்ளிவைத்தேன். அக்கா ரொட்டியோடு தேடி வந்தாள்.

"போகாதேடா. நேத்துக் கோபத்துல சொல்லிட்டேன்."

"மச்சான் உன்னை அனுப்பிடுவாரா?"

"காலையிலேருந்து பேசல. ஆனா இப்பத்தான் மூணு ரொட்டி தின்னாரு. நேத்துலேருந்து பச்சத் தண்ணி கூட இறங்கலியே."

அவளும் வேண்டாம் என்று சொன்ன பிறகும், அந்தத் தண்ணீருக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று பார்க்கும் ஆசை எனக்குள் அப்படியே இருந்தது. நம்பிக்கையில்லாமல் இன்னொரு முறையும் தேடிப் பார்த்தேன். இருந்தது. உமாரா பாயைச் சுருட்டுவதற்குள் ஓடிப்போய்ப் பெயரைச் சொன்னேன்.

நான்காம் நாள் காற்று திரும்பியது. கப்பலில் சித்தப்பாவின் பக்கத்தில்தான் எனக்கு இடம் கிடைத்தது. அவர் என்னோடு பேசவில்லை. கரையில் நின்றவர்கள் கயிறுகளை அவிழ்த்தார்கள். கூட்டத்துக்குப் பின்னால் மச்சான் நின்றார். இந்த முறை கடலைப் பார்த்து நின்றார். எங்கள் ஆட்கள் யாரும் அவர் பக்கத்தில் நிற்கவில்லை.

சித்தப்பா திடீரென்று எழுந்து கப்பல் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"மஸ்ரூக்! டேய் மஸ்ரூக்! என் ஒட்டகத்த உன்கிட்டதான் விட்டுட்டுப் போறேன். சினையா இருக்கு. நீ பாத்துக்க. வேற எவன் கையிலயும் குடுத்துடாதே!"

கரை முழுவதும் அதைக் கேட்டது. மச்சானுக்குச் சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். அலை அவர் பாதத்தை நனைத்தது, கணுக்காலை நனைத்தது. அங்கே நின்றுவிட்டார். காதின் பின்னால் கையை வைத்தார்.

"ஒட்டகம்!" என்று நானும் சேர்ந்து கத்தினேன். "சித்தப்பா ஒட்டகம்! உங்க பொறுப்பு!"

அவர் கையை உயர்த்தினார். எனக்கா, சித்தப்பாவுக்கா என்று தெரியவில்லை.

சித்தப்பா உட்கார்ந்தார். கப்பல் முதல் அலையில் ஏறி இறங்கியது. அவர் முகம் வெளுத்தது.

"என்னடா பாக்கற?" என்றார். "வாந்தி வந்தா அந்தப் பக்கம் திரும்பி எடு."