பாப்பா கழித்தல்

அம்மாவுக்குக் காபி கலந்து எடுத்துக்கொண்டு அவள் கூடத்துக்குத் திரும்பியபோது, அப்பாவின் தலைமாட்டில் போட்டிருந்த அவளுடைய நாற்காலியில் வேறு யாரோ உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்.

சாதாரண அழுகை இல்லை. ஆள் ஓங்குதாங்காக இருந்தார். காக்கிச் சட்டை. கண்ணாடிப் பெட்டியின் மேல் இரண்டு கைகளையும் பரப்பிக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி அழுதார். அவளுக்கோ விடிந்ததிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. அழுகையிலும் வெளியாட்கள் முந்திக்கொண்டால் எப்படி?

"யாரும்மா இவரு?"

"லாரி ஓட்டறாராம். அப்பாகிட்ட படிச்சவராம்."

"வந்திருக்கிற எல்லாருமே அப்பாகிட்ட படிச்சவங்கதான். அதுக்காக என் நாற்காலில உக்காரணுமா?"

"சத்தம் போடாதடி, கேட்டுடப் போகுது" என்றாள் அம்மா.

வாசலில் செருப்புகள் படியிறங்கித் தெருவரை போயிருந்தன. உள்ளே வருகிறவர்கள் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல் ஒன்றையே சொன்னார்கள். சாருக்கு நான்னா உயிர். கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்துவிட்டது. ஒரு மனிதருக்கு எத்தனை உயிர்தான் இருக்கும்?

அப்பா ஓய்வு பெறும்வரை ஒரே பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புக்குக் கணக்கு வாத்தியாராக இருந்தவர். குரலையெல்லாம் அங்கேயே செலவழித்துவிட்டு, சாயங்காலம் தொண்டை கட்டிப்போய் வீட்டுக்கு வருவார். டம்ளரை விரலால் தட்டினால் தண்ணீர் வேண்டும் என்று அர்த்தம். கண்ணாடியைக் கழற்றினால் தூக்கம். மற்றபடி அவரைக் குறை சொன்னால் நாக்கு அழுகிப்போகும். அவள் படிப்பை முடிக்கும்வரை அவளுடைய சீருடைக்கு மடிப்பு கலையாமல் இஸ்திரி போட்டது அவர்தான். சைக்கிளுக்கு எண்ணெய் விட்டதும், அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் கோணல் வகிடு எடுத்துத் தலை வாரிவிட்டதும் அந்தக் கைகள்தான். ஆனால் வீட்டுக்கு வந்தது கைகள் மட்டுமே. பேச்சும் சிரிப்பும் கதையும் யார் யார் வீட்டுப் பிள்ளைகளுக்கோ போயின.

அவளும் ஆறாம் வகுப்புக்கு அதே பள்ளிக்கூடத்தில்தான் சேர்ந்தாள். கோடை விடுமுறை முழுக்க அந்த நாளுக்காகத்தான் காத்திருந்தாள். அப்பாவோ நேரே அலுவலகத்துக்குப் போய், "எம் பொண்ணு என் வகுப்புல வேண்டாம், பக்கத்துப் பிரிவுல போடுங்க" என்று சொல்லிவிட்டார். அவளுக்குச் சுவரோரத்துப் பெஞ்சு கிடைத்தது. இந்தப் பக்கம் அவளுடைய கணக்கு டீச்சர் வகுப்பையே தாலாட்டித் தூங்கவைத்துக்கொண்டிருப்பார். அந்தப் பக்கம் அப்பாவின் குரல் ஏறி இறங்கும், வார்த்தை புரியாது. திடீரென்று மொத்த வகுப்பும் கொல்லென்று சிரிக்கும். அது மட்டும் தெளிவாகக் கேட்கும். சுவரில் காதை ஒட்டவைத்துக்கொண்டு அவள் பொறாமையில் வெந்துபோவாள்.

"இன்னிக்கு என்னப்பா சொன்னீங்க? எல்லாரும் ஏன் சிரிச்சாங்க?" என்று வீட்டில் கேட்டால், தொண்டையைத் தொட்டுக் காட்டிவிட்டுப் புன்னகை செய்வார். இத்தனை வருஷமாகியும் அந்தப் புன்னகையை அவள் மன்னிக்கவில்லை.

காபி ஆறிக்கொண்டிருந்தது. தலைமையாசிரியை அம்மாவின் பக்கத்தில் வந்து குனிந்தார். அவரும் அப்பாவிடம் படித்தவர்தான். இப்போது அதே பள்ளிக்கூடத்துக்குத் தலைமை.

"அம்மா, போற வழியில சாரை ஒரு அரை மணி நேரம் பள்ளிக்கூடத்துல வெச்சிட்டுப் போகலாமா? பிள்ளைங்கல்லாம் காத்துக்கிட்டு இருக்காங்க."

அம்மா மகளைப் பார்த்தாள். "அவதான் சொல்லணும்."

"வேண்டாம்" என்றாள் அவள். குரல் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. "உயிரோட இருந்த வரைக்கும் எல்லாத்தையும் உங்களுக்குத்தானே குடுத்தாரு? இன்னிக்கு ஒரு நாளாவது வீட்ல இருக்கட்டும்."

லாரி டிரைவர் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்கதான் பாப்பாவா?"

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்பாவைத் தவிர யாரும் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை.

"அந்தப் பேரு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என்னம்மா இப்படிக் கேட்டுட்டீங்க! பாப்பா கழித்தல் தெரியாம அந்த வகுப்பத் தாண்ட முடியுமா?"

கூடத்தில் ஒரு சலசலப்பு. அழுது வீங்கிய முகங்களெல்லாம் சட்டென்று மலர்ந்தன. தலைமையாசிரியை புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்.

"ஒரு நாள் அம்பத்திரண்டுல முப்பத்தெட்டு போனா என்னன்னு கேட்டாரு" என்றார் டிரைவர். "நான் இருபத்தாறுன்னேன். ரெண்டுலேந்து எட்டு போகாதுல்ல, அதனால எட்டுலேந்து ரெண்டக் கழிச்சிட்டேன். எல்லாரும் சிரிக்க ஆரம்பிச்சாங்க. சார் உடனே, 'நிறுத்துங்கடா! இந்தத் தப்ப இவனுக்கு முன்னாடியே எங்க வீட்டுப் பாப்பா போட்டுட்டா. ஏண்டி இப்படின்னு கேட்டா, பாவம், ரெண்டுகிட்டயே கொஞ்சமாத்தான் இருக்கு, எட்டுகிட்ட நிறைய இருக்கே, எட்டு குடுக்கட்டும்கறா. பாப்பா சொல்றது நியாயந்தான். ஆனா கணக்குக்கு எங்கடா நியாயம் தெரியும்?'னாரு. அப்புறம் வகுப்பு முழுக்க என்னை விட்டுட்டு உங்கள நெனச்சுச் சிரிச்சுது. எனக்கு அன்னிக்குத்தான் கணக்கு பயம் போச்சு."

அவர் அந்த வரிகளை அப்பாவின் குரலிலேயே சொன்னார். ஏற்றம், இழுவை, "எங்கடா"வில் ஒரு சின்ன நிறுத்தம். இப்படி ஒரு குரலில் அப்பா வீட்டில் ஒருநாளும் பேசியதில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் கேட்ட குரல் இதுதான்.

அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. வங்கியில் தலைமைக் காசாளர் அவள். ஊரில் பாதிப் பேருக்கு அவள் கழிக்கத் தெரியாதவளா? எந்தச் சிரிப்புக்காக ஏங்கி ஏங்கிச் செத்தாளோ, அது அவளைப் பற்றிய சிரிப்பா?

"வருஷா வருஷம் சொல்வார்" என்றார் தலைமையாசிரியை. "எனக்கு உன்மேல அப்படி ஒரு பொறாமை. எங்கப்பாவுக்கு நான் எந்த வகுப்பு படிக்கிறேன்னே தெரியாது."

அவள் அம்மாவின் பக்கம் திரும்பினாள். "உனக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றாள் அம்மா, காபியைப் பார்த்துக்கொண்டே. "நீ கோவிச்சுக்குவேன்னு சொல்ல வேண்டாம்னாரு. பின்ன உன்னை எதுக்கு வேற பிரிவுல போடச் சொன்னாருன்னு நினைக்கிற? நீ முன்னால உக்காந்திருந்தா அந்தக் கதையச் சொல்ல முடியுமா?"

அவள் கண்ணாடிப் பெட்டியின் அருகே போனாள். டிரைவரிடம், "கொஞ்சம் எழுந்திரிங்கண்ணே" என்றாள். அவர் பதறி எழுந்தார். அவள் தன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

"வண்டியைப் பள்ளிக்கூடத்துக்கு விடச் சொல்லுங்க" என்றாள்.

அங்கே அப்பாவை அவருடைய பழைய ஆறாம் வகுப்பு வாசலில் வைத்தார்கள். பிள்ளைகள் வரிசையாக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பெரியவர்கள் மட்டும் பழைய வழக்கம்போல் வகுப்புக்குள் நுழைந்து, முழங்கால் இடிக்க இடிக்கச் சின்னப் பெஞ்சுகளில் உட்கார்ந்தார்கள். அவள் அந்த அறைக்குள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. அவள் காது வைத்துக் கேட்ட சுவருக்கு இது மறுபுறம். இங்கேயும் அதே பச்சை வண்ணம்தான், அதே இடத்தில் காரை பெயர்ந்திருந்தது.

டிரைவர் கரும்பலகையில் அந்தக் கணக்கை எழுதினார். ஐம்பத்திரண்டு, கீழே முப்பத்தெட்டு, ஒரு கோடு. எழுதிவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் சாக்பீஸுடன் நின்றார். அவள் போய் அதை வாங்கிக்கொண்டாள்.

கோட்டுக்குக் கீழே, நிதானமாக, இருபத்தாறு என்று எழுதினாள்.

மொத்த வகுப்பும் கொல்லென்று சிரித்தது. சிரித்துக்கொண்டே சிலர் முகத்தை மூடிக்கொண்டார்கள். வாசலில் அம்மா பெட்டியின் மேல் கைவைத்து உள்ளே எட்டிப் பார்த்தாள்.

சிரிப்பு அடங்கியதும் சரியான விடையை எழுத டிரைவர் சாக்பீஸுக்காகக் கையை நீட்டினார்.

அவள் கொடுக்கவில்லை.