மகளுக்கென்று வாங்கிய கிட்டார்

“யாருக்கு தம்பி, மகனுக்கா?” என்று காதர் மைதீன் பாய் கேட்டார். கீழக்கரையில் அவர் வீட்டு முன்கூடத்தில், ஃபேனுக்கு நேர் கீழே போட்ட நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன். எதிரே மேஜை மேல் கிட்டார் கிடந்தது. சிவப்பு நிறம். ஓரத்தில் மட்டும் கொஞ்சம் பெயிண்ட் பெயர்ந்திருந்தது. போனில் விளம்பரத்தைப் பார்த்துவிட்டு ரெண்டு நாள் தூக்கமில்லாமல் யோசித்து, வார ஓய்வு நாளில், காக்கிச் சட்டையை வீட்டில் போட்டுவிட்டு நல்ல சட்டை மாட்டிக்கொண்டு வந்திருந்தேன். ‘எனக்குத்தான் பாய்’ என்று சொல்லியிருக்க வேண்டும். ரெண்டே ரெண்டு சொல். ஒரு நாளைக்கு ஆயிரம் பேரிடம் வாயாடுகிற கண்டக்டருக்கு அது வரவில்லை. “மகளுக்கு” என்றேன்.

எனக்கு மகள் கிடையாது. மகனும் கிடையாது. எனக்கும் பூமயிலுக்கும் கல்யாணமாகிப் பத்தொன்பது வருடமாகிறது.

“என்ன படிக்குது?”

“ஒன்பதாவது பாய்.”

அதுவரை உள்ளறைத் திரைக்குப் பின்னால் ஆள் இருப்பதே தெரியவில்லை. இப்போது திரை லேசாக அசைந்தது. “வாப்பா, பேரு என்னன்னு கேளுங்க” என்றது ஒரு பெண் குரல். பாய் கேட்பதற்குள் “சத்யப்பிரியா” என்று சொல்லிவிட்டேன். முந்தின நாள் சாயல்குடி டிரிப்பில் யாரோ சீட்டில் விட்டுப்போன சாப்பாட்டுப் பையில் மார்க்கரால் எழுதியிருந்த பெயர். ஒரு மனிதனுக்கு வெட்கம் வந்துவிட்டால் என்னென்ன திறமையெல்லாம் வெளியே வருகிறது என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

என்ன வெட்கம் என்று கேட்பீர்கள். நாற்பத்து நாலு வயதில், காதோரம் நரைத்த கண்டக்டர் கிட்டார் வாங்கினான் என்று டிப்போவில் தெரிந்தால் ரிட்டையர் ஆகிற வரைக்கும் அதுதான் என் பெயர். ஊரிலோ வேறு மாதிரி பேசுவார்கள். புள்ளை குட்டி இல்லாதவன், காசை என்ன செய்வது என்று தெரியாமல் அலைகிறான் என்பார்கள். சிரித்தால்கூடப் பரவாயில்லை, பரிதாபப்படுவார்கள். அதனால்தான் எலெக்ட்ரிக் கிட்டாராகத் தேடினேன். ஸ்பீக்கரில் சொருகாவிட்டால் அதில் கம்பி அதிர்கிற கிணுகிணுப்பு மட்டும்தான் வரும், அடுத்த அறைக்குக் கேட்காது என்று யூடியூபில் ஒருவர் சொன்னார். வெட்கப்படுகிறவனுக்கென்றே செய்த வாத்தியம் மாதிரி எனக்குப் பட்டது. சின்ன வயதில் திருவிழா ஆர்கெஸ்ட்ராவில், பாடுகிறவர்களுக்குப் பின்னால் ஓரமாக நின்று வாசித்த ஒருவரைப் பார்த்ததிலிருந்து வந்த ஆசை. யாரிடமும் சொன்னதில்லை. பூமயிலிடமும் சொன்னதில்லை.

திரையை விலக்கிக்கொண்டு அந்தப் பெண்ணே வந்துவிட்டாள். மாஷிதா. தலையில் முக்காடு, கையில் ஒரு சின்ன நோட்டு. உள்ளூர்க் கல்லூரியில் ரெண்டாம் வருடம். துபாயிலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்த பாய் அவளுக்குப் புதுசாக ஒன்று வாங்கிவந்திருக்கிறார். வீட்டில் ரெண்டு எதற்கு என்று பழசை விற்கிறார்கள்.

“அங்கிள், நெசமாவே சத்யா கேட்டாளா? இல்ல நீங்களா வாங்கிக் குடுக்கறீங்களா?”

“அவதாம்மா கேட்டா. ரொம்ப நாளா.”

“வாப்பா, நாந்தான் சொன்னேன்ல, பொம்பளப் புள்ளைகளும் கேக்கும்னு” என்று அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எழுந்து ஓடிவிடலாம் என்றிருந்தது. “இந்தப் பக்கம் வாசிக்கிற புள்ள ஒண்ணுகூட இல்ல அங்கிள். நான் எல்லாத்தையும் போனப் பாத்துத்தான் கத்துக்கிட்டேன். ஒரு சந்தேகம்னா கேக்க ஆளில்ல. கிளாஸ்ல சொன்னா சிரிப்பாங்க. உங்க நம்பர் குடுங்க, சத்யாவுக்கு நான் சொல்லித் தாரேன்.”

பாய் விளம்பரத்தில் ஆறாயிரத்து ஐநூறு போட்டிருந்தார். “பொம்பளப் புள்ள ஆசப்பட்டுக் கேட்டுச்சுன்னு இம்புட்டு தூரம் வந்திருக்கீக. அஞ்சாயிரம் குடுங்க, போதும்” என்றார். வேண்டாம் பாய், சொன்ன விலையே தருகிறேன் என்று மனதுக்குள் சொன்னேன். கை ஐந்தாயிரத்தை எடுத்துக் கொடுத்தது. மாஷிதா உறையும் சேர்த்துத் தந்தாள். சின்ன நோட்டையும் மேலே வைத்தாள். அவள் தன் கையால் விரல் படங்கள் போட்டு எழுதிய பாடங்கள். முதல் பக்கத்தில் அங்கேயே நின்று ‘சத்யாவுக்கு’ என்று எழுதினாள்.

ஊருக்குத் திரும்புகிற பஸ்ஸில் சின்னச்சாமிதான் கண்டக்டர். “என்னண்ணே, வீணையா?” என்றான். “மச்சான் மகனுக்குடா, கிட்டாராம்” என்றேன். லக்கேஜ் டிக்கெட் போடட்டுமா என்று கிண்டலடித்துவிட்டு முன்னால் போனான். ஒரே நாளில் ஒரு மகளும், பாட்டுப் பைத்தியம் பிடித்த ஒரு மச்சான் மகனும் எனக்குக் கிடைத்தார்கள்.

உத்தரகோசமங்கையில் எங்கள் வீட்டுப் பின்னறையில் மிளகாய்ச் சாக்குகள் சுவரோரமாக அடுக்கியிருக்கும். அதற்குப் பின்னால் கிட்டாரை நிறுத்தினேன். எனக்கு மதிய டூட்டி வருகிற நாட்களில் பூமயில் காலையிலேயே நூறு நாள் வேலைக்குப் போய்விடுவாள். கதவைச் சாத்திக்கொண்டு உட்காருவேன். மிளகாய் நெடியில் தும்மல் தும்மலாக வரும். வாட்ஸ்அப்பில் மாஷிதாவின் குரல் வரும். “சத்யா, கட்டவெரல பின்னாடி வை. மேல தூக்காத, சரியா?” நான் கட்டைவிரலைப் பின்னால் வைப்பேன். “அவசரப்படாத சத்யா. மெதுவா வாசிச்சாலும் தப்பில்ல, விடாம வாசிக்கணும்.” நான் விடாமல் வாசித்தேன். இருபது வயதுப் பெண் ஒருத்தி, இல்லாத ஒரு சின்னப் பெண்ணுக்குச் சொன்னதையெல்லாம் நான் ஒளிந்து கேட்டுக் கற்றுக்கொண்டிருந்தேன். திருட்டு என்று இதைச் சொல்லாமல் வேறு எதைச் சொல்வது?

சத்யாவைப் பேசச் சொல்லுங்க அங்கிள் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். காய்ச்சல் என்றேன். பரீட்சை என்றேன். கூச்சப்படுகிறாள் என்றேன், அது ஒன்றுதான் உண்மை. சரி, வாசிக்கிறதையாவது பதிவு பண்ணி அனுப்பச் சொல்லுங்க என்றாள். ஒரு வாரம் பழகி, நாற்பது செகண்ட் வாசித்து அனுப்பிவைத்தேன். டூட்டியில் ஏர்வாடி ஸ்டாப்பைத் தாண்டும்போது பதில் வந்தது. “மாஷா அல்லாஹ்! சத்யா, ஒரு மாசத்துல இம்புட்டா? நான் மூணு மாசம் தடவிக்கிட்டு இருந்தேன். உனக்குக் கை நல்லா விரியுது.” அடுத்த ஸ்டேஜ் வருவதற்குள் டிக்கெட் போட்டு முடிக்க வேண்டியவன், பின்சீட்டில் உட்கார்ந்து அதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். என்னை இதுவரை யாரும் எதற்கும் இப்படிப் புகழ்ந்ததில்லை. முகமெல்லாம் சூடாகிவிட்டது. அது என் சந்தோஷம்தான், ஆனால் அதில் என் பெயர் இல்லை. அப்படி ஒரு கேவலத்தை நான் அதற்கு முன்னால் அனுபவித்ததில்லை.

அடுத்த வாரம் ஒரு புதன்கிழமை. கொல்லையில் குளித்துக்கொண்டிருந்தேன். போனை அடுப்படியில் சார்ஜ் போட்டிருந்தேன். அது அடித்தது, பூமயில் எடுத்தாள். “ஆரு?” என்றாள். அப்புறம் ரொம்ப நேரம் பேச்சே இல்லை. சொம்பைக் கையில் பிடித்தபடி நின்றேன். என் மானம் கப்பலேறுகிற சத்தத்துக்குக் காத்திருந்தேன்.

“ஆமா தாயி” என்றாள் பூமயில். “சத்யா அம்மாதான் பேசுறேன்.”

உடம்பில் சோப்புக் காய்ந்து இழுத்தது. நான் அசையவில்லை.

“பள்ளிக்கூடம் போயிருக்கா… எங்க, என்கிட்ட ஒரு நாளாச்சும் வாசிச்சுக் காட்டுறாளா? அய்யாவுக்கும் மகளுக்கும்தான் எல்லா ரகசியமும். நான் யாரோ எவளோ… முடியா? அது கெடக்கு இடுப்பு வரைக்கும். காலைல நாந்தான் பின்னி விடணும், அதுக்குள்ள ஆயிரம் சண்ட…” சிரித்தாள். பூமயில் அப்படிச் சிரித்து நான் கேட்டுப் பல வருடமாகிறது. “வாங்க தாயி, ஞாயித்துக்கெழம வாங்க. வாப்பாவையும் கூட்டிட்டு வா. சத்யா இருப்பா.”

துண்டைக் கட்டிக்கொண்டு அடுப்படி வாசலில் போய் நின்றேன். போனை அம்மிக்கல் மேல் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டினால் நிம்மதியாக இருந்திருக்கும்.

“சாக்குக்குப் பின்னாடி இருக்கறது எனக்கு ஒரு மாசமாத் தெரியும்” என்றாள். “நீங்களாச் சொல்வீகன்னு இருந்தேன். மக இருக்கறதுதான் தெரியாது.”

“வாய் தவறி வந்துருச்சு பூமயிலு.”

“ஒன்பதாவதாமே?”

நான் துண்டை இறுக்கிக் கட்டினேன்.

“கணக்குப் பண்ணித்தான் சொன்னீகளா?”

“என்ன கணக்கு?”

“ஒன்பதாவதுன்னா பதினாலு வயசு” என்றாள். “சரியாத்தான் வருது.”

எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஏழாம் மாதத்தில் தவறிப்போனது. பெண் குழந்தை. துணியில் சுற்றி என் கையில்தான் கொடுத்தார்கள். அப்புறம் எங்கள் வீட்டில் அதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை. நான் மறந்துவிட்டேன் என்றுகூடச் சொல்லலாம். பூமயில் வருடா வருடம் ஒவ்வொரு வகுப்பாக ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறாள். நான் கிட்டார் வாங்கக் கூச்சப்பட்டு, அவள் மனதில் வைத்து வளர்த்த பிள்ளையை எடுத்து ஒரு வாய்ப்பேச்சுக்குப் பயன்படுத்தியிருக்கிறேன். அதில் ஆயிரத்து ஐநூறு ரூபாய் சலுகையும் வாங்கியிருக்கிறேன். பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் என்று சொல்வார்களே, அப்படி இருந்தது.

“ஞாயித்துக்கெழம வந்தா யாரு சொல்றது?” என்றாள்.

“நான் சொல்றேன்.”

“நான் சொன்னதுக்கும் சேத்துச் சொல்லுங்க” என்றுவிட்டு உலையில் அரிசியைப் போடப் போனாள்.

நாலு நாள் இருந்தது. முன்கூட்டியே போனில் சொல்லிவிடலாம், அவர்கள் வீண் அலைச்சல் அலைய வேண்டாம். ‘மாஷிதா, சத்யா என்று யாரும் இல்லை, வாசித்தது நான்’ என்று டைப் செய்தேன். பஸ் ஒவ்வொரு ஸ்டாப்பில் நிற்கும்போதும் எடுத்துப் பார்த்தேன். அழித்தேன். திரும்ப டைப் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் பூமயில் எதுவும் கேட்கவில்லை. வீட்டைக் கூட்டி, கோழி அடித்தால் அவர்கள் சாப்பிடுவார்களோ மாட்டார்களோ என்று முட்டையும் சாம்பாருமாக வைத்தாள். அவர்களுக்கு மட்டும்தான் சமைத்தாளா என்று எனக்குத் தெரியவில்லை. அடுப்படியில் ஐந்து தட்டைக் கழுவிக் கவிழ்த்திருந்தாள்.

பதினோரு மணிக்கு ஆட்டோ வந்து நின்றது. பாய் இறங்கினார், கையில் அல்வாப் பொட்டலம். “கோயிலத் தாண்டி ரெண்டாவது தெருன்னு சொன்னீக, மூணாவதுல போய்த் தேடிட்டு வாரோம்” என்று சிரித்துக்கொண்டே என் தோளைத் தட்டினார். பின்னாலேயே மாஷிதா இறங்கினாள். ரெண்டு கையாலும் ஒரு அட்டைப்பெட்டியை அணைத்துப் பிடித்திருந்தாள்.

“சின்ன ஸ்பீக்கர் அங்கிள். என்னோடதுதான். சத்யா இனிமே சத்தமா வாசிக்கலாம்.”

சொல்லிக்கொண்டே என்னைத் தாண்டி வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். மனப்பாடம் செய்து வைத்திருந்ததெல்லாம் எனக்கு ஒரு வார்த்தைகூட ஞாபகம் வரவில்லை. “உள்ள வாம்மா” என்று சொல்லிவிட்டுப் பெட்டியை வாங்கக் கையை நீட்டினேன்.

அவள் பெட்டியை விடவில்லை. என் இடது கையைப் பார்த்தாள். விரல் நுனிகள் நாலிலும் தோல் தடித்து, கம்பி பதிந்த கோடு குறுக்கே கறுப்பாக ஓடியிருந்தது. நோட்டு எண்ணுகிற கைக்கு அப்படி வராது. அவள் தன் விரல்களை ஒருதரம் பார்த்தாள், மறுபடி என் விரல்களைப் பார்த்தாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். நான் தலையைக் குனியக்கூடாது என்று நினைத்தேன், குனிந்துவிட்டேன்.

“நாந்தாம்மா” என்றேன். அவ்வளவுதான் வந்தது.

பாய் அதற்குள் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலுக்குப் போயிருந்தார். “சத்யாம்மா! எங்க ஒளிஞ்சிருக்கீக? வெளிய வாங்க பாப்போம்” என்று சின்னப் பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி ராகம் போட்டு உள்ளே குரல் கொடுத்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பூமயில் வாசலுக்கு வந்து நின்றாள். தெருவில் வெயிலில் நானும் மாஷிதாவும் ஆளுக்கொரு பக்கமாக அந்தப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.