கீழ்த்தளத்துக்கு வந்த ரயிஸ்

1

இந்தக் கதை நான் வாங்கிய ஒரு திட்டிலிருந்து கிடைத்தது. ஸ்ஃபாக்ஸ் துறைமுகத்தில், தீவுக்குப் போகும் ஃபெர்ரியில் காரை ஏற்றிக்கொண்டிருந்தேன். மஞ்சள் மேல்சட்டை போட்ட ஒருவர் கண்ணாடியைத் தட்டி, "இடப்பக்கம் ஒடிங்கன்னா வலப்பக்கம் ஒடிக்கிறீங்க. சாப்பிடற கை எதுன்னாவது தெரியுமா?" என்றார். நிமிர்ந்து பார்த்தால் ஹம்மாதி. போன வசந்தம் வரை அதே ஃபெர்ரியை மேலே கண்ணாடி அறையில் நின்று ஓட்டியவர். ரயிஸ் ஹம்மாதி. கப்பலை நடத்துகிறவரை எங்கள் பக்கம் ரயிஸ் என்றுதான் அழைப்போம். அவரைப் பொறுத்தவரை அது பெயரோடு ஒட்டியே பிறந்தது போல இருந்தது.

(தீவின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஆட்களின் பெயர்களையும் மாற்றிவிட்டேன். திட்டு மட்டும் அசல்.)

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: 'நேர்மையான ஒரு மனிதரை, பொறாமை பிடித்த மேலதிகாரிகள் சூழ்ச்சி செய்து—'

அடித்துவிட்டேன். எழுத எளிது, ஆனால் நடந்தது அதுவல்ல.

காற்று பலமாக அடித்த ஒரு மதியம். தீவுத் துறையோடு ஃபெர்ரியைச் சேர்க்கும்போது, முன்முனையில் நின்றிருந்த ஊழியர் வாக்கிடாக்கியில் "ரொம்ப நெருங்கிட்டோம்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஹம்மாதியின் காதில் அது விழுந்தது. எனக்குத் தெரியாததா என்று நினைத்துக்கொண்டார். மோதிய வேகத்தில் துறைச்சுவர் பெயர்ந்தது. படியிறங்கிக்கொண்டிருந்த தபால்காரர் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார்.*

காற்றின் மேல் பழிபோட்டுவிடலாம் என்று விசாரணைக்கு முன்பே நண்பர்கள் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அவர் போடவில்லை. "கேட்டுச்சு. நான் மதிக்கல" என்றார். பதவியிலிருந்து இறக்கித் தளப்பணியாளராக்கினார்கள். வண்டிகளை அடுக்க வேண்டும், கயிறு வீச வேண்டும், துறை நெருங்கும்போது முன்முனையில் நின்று மேலே தூரம் சொல்ல வேண்டும். மேலே ரயிஸாக நின்றது, அதுவரை அவருக்குத் துணை ரயிஸாக இருந்த இப்திஸாம். அவரைவிட நிறைய இளையவள்.

* கை சரியாகிவிட்டது. ஹம்மாதியைப் பார்க்கும்போதெல்லாம் தபால்காரர் இன்னமும் கம்பியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்காட்டுகிறார்.

3

இந்த இடத்தில் அவரைப் பக்குவப்பட்டவராகக் காட்ட ஆசைப்பட்டேன். 'விதியை ஏற்றுக்கொண்ட அமைதியோடு அவர்...' முடியவில்லை. அவர் ஏற்கவில்லை. ராஜினாமா செய்யப்போவதாக வீட்டில் குதித்தார். மனைவி மொன்ஜியா வாணலியை இறக்கிவைத்துவிட்டுச் சொன்னாளாம்:

"விட்டுட்டு என்ன பண்ணுவீங்க? காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் என் சமையல்கட்டுக்கு ரயிஸா இருப்பீங்க. அது நமக்கு ஒத்துவராது. போய்க் கயித்தப் பிடிங்க."

போனார். ஆனால் தீவுக்காரர்கள் பாசத்தில் பழையபடியே ரயிஸ் என்று கூப்பிட்டார்கள். ஒவ்வொரு முறையும் முள் குத்தியது. அதைவிடச் சங்கடம் இப்திஸாமோடு பேசுவது. அவளை எப்படி அழைப்பதென்று இவருக்குத் தெரியவில்லை, இவரை எப்படி அழைப்பதென்று அவளுக்கும் தெரியவில்லை. கோடை முழுக்க இரண்டு பேரும் விளிக்காமலே ஓட்டினார்கள். அவள் "எவ்வளவு இருக்கு?" என்பாள். இவர் "முப்பது மீட்டர்" என்பார். அவ்வளவுதான் பேச்சு.

4

கோடை முடிந்த சமயம், மறுபடியும் அதே மாதிரிக் காற்று. ஃபெர்ரி நிறைய ஒரு கல்யாணக் கூட்டம். மேளக்காரர்கள் வண்டிகளுக்கு நடுவே வாசித்துக்கொண்டு வந்தார்கள். தீவுத் துறை நெருங்கியது. முன்முனையில் நின்ற ஹம்மாதிக்கு, ஃபெர்ரி பக்கவாட்டில் தள்ளப்படுவது காலடியிலேயே தெரிந்தது.

(அவளும் இடிக்கட்டுமே என்று அந்த நேரத்தில் தோன்றியதா? இதைக் கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. சுற்றி வளைத்துக் கேட்டேன். அவர் வளைக்கவில்லை. "தோணுச்சு. ஒரு நொடி. எழுதிக்கோங்க.")

அந்த நொடி போனதும் வாக்கிடாக்கியை வாயருகே வைத்துக்கொண்டார். "ரயிஸ், இது சரிவராது. பின்னால எடுங்க, ரயிஸ்."

அந்தச் சொல் தன் வாயிலிருந்து எப்படி வந்ததென்று அவருக்கே தெரியவில்லையாம். மேலிருந்து பதில் வந்தது: "சரிண்ணே."

எஞ்சின் உறுமிப் பின்வாங்கியது. ஃபெர்ரி விலகி, வட்டமடித்து, மறுபடி வந்தது. விருந்து ஆறிப்போகும் என்று மாப்பிள்ளையின் மாமா திட்டிக்கொண்டே இருந்தார். இரண்டாம் தடவை துறைச்சுவரில் தொங்கும் டயர்களில் பூப்போல ஒட்டியது. மேளம் நிற்கவே இல்லை.

வண்டிகள் இறங்கிய பிறகு இப்திஸாம் கீழே வந்தாள். நன்றியெல்லாம் சொல்லவில்லை. சூரை மீனும் ஹரீஸா மிளகாய்விழுதும் வைத்த ரொட்டியைப் பிய்த்துப் பாதியை நீட்டினாள்.

"நான் இடிச்சிருப்பேண்ணே."

"நான் இடிச்சவன். அதனாலதான் சொன்னேன்."

இருவரும் வெறும் தளத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அதற்குப் பிறகு யாராவது இவரை ரயிஸ் என்றால், கட்டைவிரலால் மேலே காட்டுகிறார். முகம் சுளிப்பதில்லை.

5

இங்கேயே நிறுத்தியிருப்பேன். ஆனால் கதை எனக்காகக் காத்திருக்கவில்லை. புதுத் தடத்தில் சின்ன ஃபெர்ரி ஒன்று ஓடப்போகிறது. ரயிஸ் வேலைக்கு ஹம்மாதியும் வரலாம் என்று நிர்வாகம் சொல்லியிருக்கிறது. திங்கட்கிழமை நேர்காணல்.

அவர் மேலே ஏறுவதாக ஒரு முடிவு எழுதினேன். இத்தனை நாள் கீழே இருந்தது வெறும் தண்டனை என்றாகிவிட்டது. கீழேயே இருப்பதாக எழுதினேன். பிரசங்கம் மாதிரி இருந்தது. இரண்டையும் கிழித்துவிட்டேன்.

இப்திஸாம் ஓய்வு நேரங்களில் அதிகாரி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு அவரைக் கேள்வி கேட்டுப் பழக்குகிறாள். நேற்று என் கார் ஜன்னலில் சாய்ந்துகொண்டு அதைச் சொன்னார். "எல்லாத்துக்கும் பதில் சொல்லிட்டேன். 'எதுக்கு மறுபடி ஏறணும்?'னு கேட்டா. அதுக்கு மட்டும் வரல." சொல்லும்போது கவலைப்பட்டவராகத் தெரியவில்லை. நல்ல விடுகதை ஒன்று கிடைத்தவர் போல இருந்தார்.

எனக்கும் பதில் வரவில்லை. உங்களுக்கு வந்தால் அதையே முடிவாக வைத்துக்கொள்ளுங்கள். மொன்ஜியா வெள்ளைச் சட்டையைத் தேய்த்து மாட்டிவிட்டாள். திங்கட்கிழமை காலை வரை நேரம் இருக்கிறது.