நிறைஞ்சிருக்கு

லிஃப்ட் மெக்கானிக்கின் வீட்டு அடுப்படியில் 'இல்லை' என்ற சொல்லுக்கு மட்டும் இடமில்லை. அவன் அம்மா போட்ட சட்டம் அது. உப்பு தீர்ந்துபோனால் "உப்பு நிறைஞ்சிருக்கு" என்றுதான் சொல்ல வேண்டும். டப்பாவைக் கவிழ்த்து அடியில் ஓங்கித் தட்டினாலும் ஒரு கல் விழாது, ஆனாலும் நிறைந்திருக்கும். இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தால் நிஜமாகவே இல்லாமல் போய்விடுமாம். அவனும் தங்கையும் அதைக் கேட்டே வளர்ந்தார்கள். அவன் மனைவி கல்யாணமாகி வந்த புதிதில், "சர்க்கரை நிறைஞ்சிருக்கு" என்று மாமியார் சொன்னதை நம்பிக் கடையிலிருந்து சர்க்கரை வாங்காமல் திரும்பி வந்து, ஒரு வாரம் எல்லோர் வாயிலும் விழுந்து எழுந்தாள். பிறகு அவளுக்கும் அந்தப் பேச்சு ஒட்டிக்கொண்டது. மாமியார் போய்ச் சேர்ந்த பிறகும் அவள் அதை விடவில்லை.

காலம் கெட்டுக் கிடந்தது. ஆலைகள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்தின. நேற்று வாங்கிய விலைக்கு இன்று எதுவும் கிடைக்கவில்லை, கடை அலமாரிகள் பல் விழுந்த வாய் மாதிரி இளித்தன. இதெல்லாம் வருவதற்கு முன்பே, ஜன்னல் திரைகள் தைக்கும் கடையில் வேலை பார்த்த அவன் மனைவி ஒருநாள் வழக்கத்துக்கு மேல் ஒரு மூட்டை அரிசி வாங்கி வந்திருந்தாள். "என்ன, பட்டாளத்துக்குச் சமைக்கப் போறியா?" என்று அவன் சிரித்தான். அவள் பதில் பேசவில்லை. அவள் பதில் பேசாவிட்டால் அந்தப் பேச்சு முடியவில்லை என்று அர்த்தம். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் அது விளங்காத ஜன்மம் அவன்.

அன்று காலை ஒரு ஆபீஸ் கட்டடத்தில் லிஃப்ட் கூண்டின் தலைமேல் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது தங்கை போன் செய்தாள்.

"அண்ணா, அவர் ஆலையையும் மூடிட்டாங்க. வீட்டு ஓனர் காலி பண்ணச் சொல்லிட்டார். கொஞ்ச நாளைக்கு அங்க வரலாமான்னு... முடியலன்னா பரவால்ல. பெரியவனை அவன் பெரியப்பா கூட்டிக்கிறேங்கறார். சின்னவளோட நாங்க எங்கயாவது ஒண்டிக்கிறோம்."

"பிள்ளைங்களைப் பிரிக்கப் போறியா?"

"வேற என்ன செய்யச் சொல்ற?"

அந்த இரண்டும் தலைமாடு கால்மாடாகப் படுத்து, ஒன்றின் காலை ஒன்று பிடித்துக்கொண்டால்தான் தூங்கும். பிடி நழுவினால் வீடே எழுந்துவிடும். "பொறு பாப்பா, உங்க அண்ணிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுக் கூப்பிடுறேன்" என்றான்.

மனைவியைக் கூப்பிட்டானே தவிர, கேட்க வாய் வரவில்லை. இந்தக் கெட்ட காலத்தில் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வரட்டுமா என்று எந்த முகத்தோடு கேட்பது? தலையைச் சுற்றி மூக்கைத் தொட்டான்.

"நம்ம வீட்டுல சாமானெல்லாம் எப்படி இருக்கு?"

மறுமுனையில் தையல் மெஷின் நின்றது. "எல்லாமே நிறைஞ்சிருக்குங்க." அவள் குரல் என்னவோ போல இருந்தது.

"எல்லாமேவா?"

"அரிசி, பருப்பு, எண்ணெய், சோப்பு, ஒண்ணு விடாம. ஏன் கேக்குறீங்க?"

"சும்மாதான்."

சோப்புகூடவா தீர்ந்துபோச்சு! பாவி, ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா? தங்கையைத் திரும்பக் கூப்பிட்டு, "கொஞ்சம் பொறும்மா, இங்கயும் நிலைமை சரியில்ல" என்றான். "சரிண்ணா, பரவால்ல" என்றாள் அவள். அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். அந்தப் 'பரவால்ல' அவனைக் கொன்றுபோட்டது.

வேலை முடிந்ததும் வரிசையில் நின்று, முண்டியடித்து, சட்டைப் பொத்தான் ஒன்றைப் பறிகொடுத்து ஒரு மூட்டை மாவு வாங்கினான். ஊருக்கெல்லாம் லிஃப்ட்டை ஓட வைக்கிறவன் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் ஓடாது என்பது தெரு முழுக்கப் பழைய சிரிப்பு. மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஐந்து மாடியும் ஏறி வந்தான்.

கதவைத் திறந்த மனைவி மூட்டையைப் பார்த்தாள். "இது எதுக்கு? நான்தான் நிறைஞ்சிருக்குன்னு சொன்னேனே."

"அதனாலதான் வாங்கினேன்."

முதலில் அவளுக்குத்தான் விளங்கியது. "ஐயோ கடவுளே" என்று தலையில் கை வைத்தாள். பிறகு அவன் கையைப் பிடித்துத் தரதரவென்று படுக்கையறைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

கட்டிலின் தலைமாட்டுச் சுவர் முழுக்க ஒரு திரை தொங்கியது. சுவரின் அதே வெளிர்மஞ்சள். கடையில் மிஞ்சிய துணி, சுவரில் ஈரம் தெரியாமல் இருக்கட்டும் என்று அவள் மாட்டியபோது அவனும் சரி என்றிருந்தான். அதற்குப் பிறகு அறை ஒரு கை அகலம் குறுகிப்போனதைக் கவனிக்கவில்லை. லிஃப்ட் கதவில் ஒரு நூல் இடைவெளி கூடினால் கண்டுபிடித்துவிடுவான், சொந்தப் படுக்கையறையில் கண் அவிந்து கிடந்தான். அவள் கயிற்றைச் சுண்டி இழுத்தாள்.

அம்மாடி!

தரையிலிருந்து கூரைவரை பைகள். தடித்த திரைத்துணியில் அவள் தைத்தவை. ஒவ்வொரு சாமானுக்கும் அளவெடுத்துச் சட்டை தைத்தது போல ஒவ்வொரு பை. கீழே அரிசியும் பருப்பும் தொப்பையைத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. அதற்கு மேல் எண்ணெய் டின், உப்பு, சர்க்கரை, பால் பவுடர். ஈரம் ஏறாமல் பிளாஸ்டிக்கில் சுற்றிய தீப்பெட்டி, மெழுகுவர்த்தி, பேட்டரி, காய்ச்சல் மாத்திரை, இருமல் மருந்து. உச்சியில் சோப்பு. அறை முழுக்க அதன் வாசனைதான். தினமும் அந்த வாசனையில் தூங்கி எழுந்தும் இவள் தலைக்குக் குளித்திருக்கிறாள் என்றே அவன் நினைத்திருந்தான்.

வாயில் ஈ போவது தெரியாமல் நின்றான். கோயில் கர்ப்பக்கிருகத்துக்கு முன்னால்கூட அவன் அப்படி நின்றதில்லை. இவ்வளவு பாரத்தை வெறும் துணியா தாங்குகிறது? அண்ணாந்து பார்த்தான். சுவரில் வரிசையாக, பளபளவென்று, லிஃப்ட் பாரத்தைச் சுவரோடு இறுக்கிப் பிடிக்கும் அவனுடைய ஆங்கர் போல்ட்டுகள். அவை காணாமல் போனதற்காகத் தன்னோடு வேலை பார்ப்பவனிடம் சண்டை போட்டு, இன்றுவரை அவனிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

"போல்ட்டை நீயா எடுத்த? சுவரைத் துளை போட்டது யாரு?"

"நான்தான். நீங்க நைட் ஷிஃப்ட் போன நாள்ல."

"எப்படிடீ இதெல்லாம்..."

"வாரா வாரம் ஒண்ணு வாங்குற இடத்துல ரெண்டு. சொன்னா பட்டாளம்னு சிரிப்பீங்க."

தன் மனைவியை இப்போதுதான் முதன்முதலாகப் பார்ப்பது போல இருந்தது அவனுக்கு. அப்போதுதான் ஓரத்துப் பையைக் கவனித்தான். மடித்து வைத்த சின்ன மெத்தை ஒன்று, திரைத்துணித் துண்டுகளை ஒட்டுப்போட்டுத் தைத்தது. தலைமாட்டில் ஒரு குட்டித் தலையணை, கால்மாட்டில் இன்னொன்று.

"இது..."

"உங்க தங்கச்சி வீட்டுக்காரர் ஆலை எத்தனை நாளைக்கு ஓடும்? என்னைக்கா இருந்தாலும் இங்கதானே வரணும். அதுங்க ரெண்டும் வேற மாதிரி படுத்தா தூங்காதே."

அவன் கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்தான். காலையில் நடந்ததைச் சொன்னான். அவள் முகம் மாறிவிட்டது. "மனுஷனா நீங்க? போனை எடுங்க முதல்ல!"

மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் தங்கை எடுத்தாள். பின்னால் பஸ்ஸின் உறுமல்.

"அண்ணா, அப்புறம் பேசுறேன். பெரியவனைப் பெரியப்பாகூட ஏத்திவிட்டுட்டேன். பஸ்ஸை எடுக்கப் போறாங்க."

"இறக்கு அவனை! நாலு பேரும் இங்க வாங்க!"

"காலைல நிலைமை சரியில்லன்னியே. வீட்டுல சாமான் எப்படிண்ணா இருக்கு?"

"நிறைஞ்சிருக்கு பாப்பா!" சந்தோஷத்தில் கத்திவிட்டான்.

அவளும் அதே அம்மாவின் அடுப்படியில் வளர்ந்தவள்தானே. "தெரியும்ணா" என்றாள் மெதுவாக. "எங்களுக்காக நீங்க ரெண்டு பேரும் வயித்தைக் கட்ட வேண்டாம். வச்சிடுறேன்."

நாக்கைக் கடித்துக்கொண்டான். பக்கத்தில் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். உண்மையாகவே நிறைந்திருப்பதை எப்படிச் சொல்வது? அந்த வீட்டில் அதற்கு ஒரு வார்த்தை தேவைப்பட்டதே இல்லை. அந்தச் சுவரைப் பார்த்தான்.

"வைக்காத! பாப்பா, நிறைஞ்சிருக்குன்னு சொல்லல. இருக்குன்னு சொல்றேன். கண்ணால பார்த்துட்டு நிக்கிறேன். இருக்கு. பிள்ளைங்க படுக்க மெத்தைகூடத் தைச்சு வச்சிருக்கா உங்க அண்ணி. இருக்கு பாப்பா."

பஸ்ஸின் உறுமல் கூடியது. பிறகு அவள் போனை மறந்து யாரையோ பார்த்துக் கத்தினாள்: "நிறுத்துங்க! பஸ்ஸை நிறுத்துங்க! என் பிள்ளையை இறக்கணும்!"

அவன் போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றான். மனைவி அந்தச் சின்ன மெத்தையைப் பையிலிருந்து உருவி, இரண்டு தட்டுத் தட்டி, கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் விரித்துப் போட்டாள்.