ஒரே ஆள் மாட்டும் வண்டி

சவுக்கு வரிசைகளுக்கு நடுவே நுழைகிற மாதிரி குறுகலான வண்டி வேண்டும் என்பதில் புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் வேறு பேச்சில்லை. கனகசெட்டிக்குளத்துத் தோப்பில் மரம் வெட்டிச் சுமந்தவர்கள் எல்லாம் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார்கள். விறகைச் சாலைவரை கொண்டுவர ஆளில்லை. சக்கரபாணி வெகுகாலமாக ஆசைப்பட்ட மினி டிராக்டரை இந்த மாசியில் வாங்கிவிடுவது என்றானது. அவன் மனைவி அஞ்சலாட்சி ஒரு வார்த்தை மறுக்காமல் புதுச்சேரிக்கு பஸ் ஏறினாள்.

ஷோரூமில் வண்டி காட்டிய விற்பனையாளன் பெயர் பால். முன்னால் லோடர் வைத்த வண்டியை விட்டு சக்கரபாணி நகரவில்லை.

"கட்டைய அப்பிடியே அள்ளிடும் இல்ல?"

"அள்ளும்ணே. ஆனா முன்பாரம் ஏறிடும், மணல்ல வளைக்க முடியாது. பவர் ஸ்டீயரிங் வச்சதா எடுங்க."

"இந்தக் கையவிட இன்னாப்பா பவரு?"

சக்கரபாணியின் சிரிப்பு இருமலாக மாறியது. அது அடங்கும்வரை பால் டயரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மரத்தூள் ஒத்துக்கொள்ளவில்லை, மாத்திரையில் சரியாகிவிடும் என்றுதான் சக்கரபாணி நம்பிக்கொண்டிருந்தான். டாக்டர் அவளை மட்டும் வெளியே அழைத்து, அடுத்த மழைக்காலம் வரை தாங்காது என்று சொல்லியிருந்தார். அதை அவன் காதில் விழாமல் காப்பது ஒன்றே தன்னால் செய்யக்கூடியது என்று அவள் இருந்தாள்.

பால் அடுத்த வண்டியின் பின்பக்கம் போய், டிரெய்லரைக் கழற்றிவிட்டு மண்ணைக் கிளறுகிற ரொட்டவேட்டர் மாட்டுவதைக் காட்டினான். வாடகை வண்டியில் அவர்கள் எப்போதும் சேர்ந்து செய்கிற வேலை அது. சக்கரபாணி திரும்பிப் பார்த்தபடி வண்டியைப் பின்னால் எடுப்பான். அவள் இடையில் நின்று, "வரட்டும், வரட்டும், போதும்" என்று துளையோடு துளை சேர்த்து முளையை இறக்குவாள். இப்போது அவள் மனக்கண்ணில் தோப்பு தெரிந்தது, வண்டி தெரிந்தது, இருக்கையில் யாரும் இல்லை. உயிரோடு பக்கத்தில் நிற்பவனைத் தாண்டி மனம் இப்படி ஓடுகிறதே என்று கூசியது. அதற்குள் வாய் கேட்டுவிட்டது.

"ஏம்பா, இத ஒரே ஆளு மாட்ட முடியுமா?"

"தாராளமா. பின்னாடியும் ஒரு லிவர் இருக்குக்கா. கீழ நின்னுகிட்டே ஏத்தி எறக்கிக்கலாம்." பால் சிரித்தான். "ஏங்க்கா, அண்ணன தனியா வுட்டுட்டு எங்க போகப்போறீங்க?"

அம்மா வீட்டுக்கு என்று சொல்லியிருக்கலாம். எதையாவது சொல்லிச் சிரித்திருக்கலாம். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நிமிர்ந்தபோது சக்கரபாணி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"லோடர் வேணாம்பா. இதயே குடு," என்றான் பாலிடம். "சீட்ட முன்னாடி தள்ளு. அவளுக்குக் காலு எட்டணும்."

அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள். சாவி எடுக்க பால் உள்ளே போனான்.

"கிளட்சு எட்டுதா?"

"எட்டுது."

"நல்லா அழுத்து." மட்கார்டில் கை ஊன்றி மூச்சு வாங்கினான். பிறகு மெல்லக் கேட்டான்: "டாக்டரு எப்ப சொன்னாங்க?"

"பொங்கலுக்கு முன்னாடி."

காலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தாள்.